மறுநாள் வரைக்கும்தான் பிசகு

"…ன்னு சொன்னா அது பொய்யிங்கக்கா. மொத நாளு பிசகுதான். மறுநாளும் நான் வராம இருந்தேன் பாருங்க, அது பிசகு இல்ல."

சொன்னவள் என் பக்கத்துக் காம்பராக்காரி. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகள்தான் எங்கள் லயம்; அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கையில் வெற்றிலைத் தட்டோடு என் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள். போன வருஷம் அவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. இப்போது அந்த மகளுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அதற்கு அழைக்க வந்து தட்டை நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "கல்யாணத்துக்கு என்னையக் கூப்புடாம விட்டியே, அது பிசகா, இல்ல வேணுமின்னே விட்டதா?" அதற்கு அவள் கொடுத்த பதிலின் கடைசிப் பகுதிதான் மேலே இருப்பது.

அந்தப் பதில் எனக்கு ஏன் அப்படி உறைத்தது என்று சொல்ல வேண்டுமானால், பிசகு என்கிற சொல் எங்கள் தோட்டத்தில் எப்படிப் புழங்குகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மிச்சத்தை மனுசர் வாயிலிருந்து படித்துக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அப்போது ஆயா வேலை எனக்கு. ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிற தாய்மார் விடிகிற நேரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விடுவார்கள். பிள்ளைகள் அழுது ஓய்வதற்குள் தாய்மார் ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். யார் எந்தச் சொல்லை எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு அன்றிலிருந்தே ஓர் ஆசை.

நான் கேட்டவரையில் இப்படித்தான். தப்பு என்றால் அதை ஒரு ஆள் செய்திருக்க வேண்டும். குத்தம் என்றால் கோயில் முன்னால் ஆட்கள் கூடிப் பேச வேண்டும். பிழை என்பது பள்ளிக்கூடத்துச் சொல், சிவப்பு மையோடு வருவது. பிசகு மட்டும் தானாக நடந்துவிடுவது. கை பிசகும், வாய் பிசகும், கணக்கு பிசகும். ஆள் பிசகியதாக யாரும் சொல்வதில்லை. செய்தவர் ஒரு ஓரமாக நின்றுகொள்ள அந்தச் சொல்லுக்குள் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடம் இல்லாவிட்டால், இத்தனை குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடியிருக்க முடியாது.

என் வீட்டுக்காரர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ரப்பர் மரத்துப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் மரத்துக்குக் காயம். அந்த இடம் பிறகு கொழுக்கட்டை மாதிரிப் புடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆளுக்கும் அவரவர் மரங்கள் உண்டு என்பதால் யாருடைய புடைப்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்குக் கத்தி இறங்கிய நாளில் வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தில் தெரிந்துவிடும். தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்.

"ஒரு மரத்துல கத்தி பிசகிருச்சு," என்பார்.

"மரத்துக்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னா சொல்லுச்சு?"

"ஒம் பொஞ்சாதிக்கிட்ட சொல்லிட்டு வான்னுச்சு."

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணியைக் குடிப்பார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தச் சொல்லின் பாதி அவரிடமும் பாதி என்னிடமும் இருந்திருக்கிறது. ஒருத்தர் "பிசகிருச்சு" என்கிறார். இன்னொருத்தர் "சரி, விடுங்க" என்கிறார். இந்த இரண்டாவது வாய் இல்லாவிட்டால் பிசகு முடிவதே இல்லை. அங்கேயே நிற்கிறது.

மடுவத்தில் ஒரு தடவை இரண்டு தாய்மார் பால்போத்தலை மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள். இருட்டு விலகாத நேரம், ஒரே கடையில் வாங்கிய ஒரே நிறப் போத்தல். ஒருத்தி பிள்ளையின் பாலை மற்றவள் பிள்ளை வயிறு முட்டக் குடித்துத் தூங்கிவிட்டது. மத்தியானம் வந்து இரண்டு பேரும் "பிசகிப்போச்சு" "பிசகிப்போச்சு" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒருத்தியை ஒருத்தி சம்பந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இன்னொன்று. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்ல ஒரு ஆளை அனுப்புவார்கள். அப்படிப் போன ஒருவர், மழையில் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மேல் லயத்துக்குப் போவதற்குப் பதிலாகக் கீழ் லயத்துக்குப் போய், செத்தவரின் தம்பி வீடு என்று நினைத்து வேறு ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஒங்க வீட்டு மூத்தவரு போயிட்டாரு" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுத சத்தத்துக்குக் கக்கூஸிலிருந்து வாளியோடு ஓடிவந்தது அந்த வீட்டு மூத்தவரேதான். சாவு சொன்னவர் குடையை மடக்கி, "லயம் பிசகிருச்சுங்க" என்றாராம். மூத்தவர் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, "போறதுதான் போறேன், ஒரு வாயி குடிச்சிட்டுப் போறேன்" என்று தானும் குடித்தாராம். இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சொல்ல ஆள் இருந்த காலம் அது.

இப்போது எங்கள் லயத்தில் தமிழ் பேசுகிற வீடு இரண்டுதான். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. மற்றவர்கள் கொழும்புக்கும் வத்தளைக்கும் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த காம்பராக்களில் சிலவற்றுக்குச் சிங்களக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. மடுவத்தில் விடுவதற்குப் பிள்ளைகள் இல்லாமல் போனதும் அதை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மகன் கத்தாரில். கைப்பேசியில் பேசுவான், சாப்பிட்டீங்களா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பேன்.

தனியாக இருப்பதில் பெரிய கஷ்டங்களுக்கு எப்படியும் ஆள் வந்துவிடுகிறது. காய்ச்சல் என்றால் சிங்கள வீட்டுப் பெண் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவருவாள். கூரைத் தகரம் பறந்தால் அவள் புருசன் ஏறிக் கல் வைப்பான். தங்கமான மனுசர்கள். சின்னப் பிசகுகளுக்குத்தான் ஆள் இல்லை. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டால் யாரிடம் சொல்வது? நானே போட்டு, நானே முகத்தைச் சுளித்து, நானே தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். சிங்களத்தில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது. "கமக் நே" என்பார்கள், அதாவது பரவாயில்லை. ஒரு தடவை அந்தச் சிங்கள வீட்டுப் பெண்ணின் பீங்கான் கோப்பையை என் கையால் உடைத்துவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் "கமக் நே அக்கா" என்று சிரித்துவிட்டாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. நான் பிசகிருச்சு என்று சொல்லி முடித்திருக்கவில்லை. அவள் மன்னித்த வேகத்துக்கு என் சிங்களம் ஓடவில்லை.

பக்கத்துக் காம்பராக்காரியோடு பேச்சு நின்றபிறகு ஒரு நாள், மருந்து எடுக்கக் கரவனெல்லைக்குப் போய் வந்தேன். காலையில் பீலியில் தண்ணீர் பிடித்து, பஸ் ஏறி, கிளினிக்கில் வரிசையில் இருந்து, கடைத்தெருவில் கருவாடு வாங்கி, பின்னேரம் திரும்பி வந்தேன். சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், தையல் எல்லாம் வெளியே தெரிகிறது. பகல் முழுக்க உள்புறத்தை வெளியே போட்டுக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன். கடைக்காரர்கள் மரியாதைக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதை விட்டுவிடலாம். ஆனால் காலையில் பீலியடியில் எனக்கு அடுத்ததாகக் குடத்தோடு நின்றவள் அவள். என் முதுகுத் தையலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பாள். முன்னைய காலமாக இருந்தால், "என்னக்கா, இன்னைக்கி உள்ளாறயிருந்து வெளிய வந்துட்டீங்க" என்று ஒரு வார்த்தை போட்டு, என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாள். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "பிசகிப்போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கருவாட்டு வாசத்துக்கு வந்த பூனைதான் திரும்பிப் பார்த்தது.

அவள் என்னை விட்டது எப்படி என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்களிடம் கல்யாணத்துக்கு அழைப்பது என்றால் கார்டு கொடுப்பது மட்டும் இல்லை. கார்டு கொழும்பில் இருக்கிற ஆட்களுக்கு. லயத்தில் இருப்பவர்களை வெற்றிலைத் தட்டோடு புருசனும் பெண்சாதியும் வாசலில் வந்து நின்று, இன்ன நாள், இன்ன இடம், குடும்பத்தோட வந்துரணும் என்று வாயால் சொல்ல வேண்டும். நாம் தட்டில் இருந்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தால்தான் அழைப்பு. வீடு பூட்டியிருந்தால் மறுநாள் திரும்ப வருவார்கள். பத்து அடி தூரத்தில் இருக்கிற வீடாக இருந்தாலும் இதுதான் முறை. வெற்றிலை வைக்காத வீட்டுக்குக் கார்டு போனால், அது வராதே என்று சொன்னதற்குச் சமம்.

அவர்கள் அழைக்கக் கிளம்பிய அன்று நான் ஊரில் இல்லை, கிளினிக் நாள். பின்னேரம் வந்து பார்த்தால் பூட்டில் கார்டு செருகியிருந்தது. சரி, வீடு பூட்டியிருந்ததால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நாளைக்கு வருவார்கள் என்று இருந்தேன். மறுநாள் வாசலைக் கூட்டினேன். நல்ல சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். பின்னேரம் அவர்கள் இரண்டு பேரும் தட்டோடு கிளம்பிய சத்தம் கேட்டது. என் வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். சிங்கள வீட்டில் நின்று, பக்கத்துக் காம்பராக்காரியின் புருசன் சிங்களத்தில் நாள் இடம் எல்லாம் விளக்கி, வெற்றிலை கொடுத்துவிட்டு, மறுபடி என் வாசலைத் தாண்டி வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் எழுந்து நின்றேன். அவர்கள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

நான் போகவில்லை. கல்யாணம் அவிசாவளையில் ஒரு மண்டபத்தில். பஸ் வந்து லயத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதை உள்ளே இருந்து கேட்டேன். அந்தப் பெண்ணை என் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். மடுவத்தில் வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். பின்னேரம் சிங்கள வீட்டுப் பெண் எனக்கு ஒரு சோற்றுப் பார்சல் கொண்டுவந்து, ஏன் வரவில்லை என்று கேட்டாள். பிரஷர் என்றேன்.

எனக்குள் ஓடியது ஒன்றுதான். நான் தாலி அறுத்தவள். தாலி கட்டுகிற நேரம் பின்னால் நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் நானாகவே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அதற்காக மனசு நோகவில்லை. ஆனால் தூணுக்குப் பின்னால் நிற்கக்கூட வேண்டாம் என்று அவள் நினைத்தாளா, அல்லது உண்மையாகவே மறந்துபோனாளா? மறந்தாள் என்றால் அது பிசகு. நான் சிரித்துவிடுவேன். மறக்கவில்லை என்றால் என் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல்தான் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஒரே சுவரில் இரண்டு பக்கமும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் அவரவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.

அதனால்தான் அவள் தட்டை நீட்டியபோது கையை நீட்டாமல் கேட்டேன்.

அவள் "பிசகுதாங்கக்கா" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். எனக்கும் அது போதும் என்று இருந்தது. விடு, போவுது என்று சொல்ல நாக்கு நுனியில் வைத்திருந்தேன். எத்தனையோ தப்புகளை அந்தச் சொல்லைப் போட்டு மூடித்தான் இந்த லயத்தில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் போர்வை மாதிரி அதைப் போட்டுக்கொள்வார்கள்.

அவள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. தட்டை நீட்டியபடியே சொன்னாள். முதல் நாள் என் வீடு பூட்டியிருந்தது, அந்த அவசரத்தில் கார்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார்கள், அது பிசகுதான். அன்றைக்குப் பின்னேரம் கலவானையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை பேசியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் யார் யார் வருவார்கள் என்று கேட்டவள், என்னைப் பற்றிச் சொன்னதும் புருசன் இருக்கிறாரா என்று கேட்டாளாம். அப்புறம், "அவங்க மனசு நோவாம பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

"அதுக்கு என்னா அர்த்தமின்னு எனக்குத் தெரியும். நீங்க வந்தா புள்ளயக் கட்டிப்புடிப்பீங்க. புள்ள ஒங்களக் கட்டிப்புடிக்கும். அந்தப் பொம்பளை எதாச்சும் ஒண்ணு சொல்லிட்டா? பூட்டுல கார்டு இருக்கு, பிசகிருச்சுன்னு பொறவு சொல்லிக்கலாமின்னு விட்டுட்டேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"ஒங்க வாசலத் தாண்டி நடந்தேன்ல, போகையிலயும் வரையிலயும். அப்ப நீங்க கதவுக்குப் பின்னால நின்னீங்க. கீழ காலு தெரிஞ்சிச்சு. அதப் பாத்ததுக்கு அப்பறம் பிசகுன்னு சொல்ல வாயி வரல." அதைச் சொல்லிவிட்டு, "கூப்புட மறந்துட்டேன்னு சொன்னா…" என்று ஆரம்பித்தவள், நிறுத்தி, திரும்பச் சொன்னாள்: "மறந்துட்டேன்னு சொன்னா அது பொய்யிங்கக்கா." பிறகு நான் தொடக்கத்தில் எழுதிய மிச்சம்.

நான் தட்டைப் பார்த்தேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, மூடிய குங்குமச் சிமிழ். என் வாசலுக்கு வரும்போது சிமிழை மூடித்தான் வைக்க வேண்டும், மூடித்தான் இருந்தது. பிசகு என்பது திரும்பிப் பார்த்து உடனே சொல்லிவிட்டால்தான் பிசகு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இத்தனை வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டும் எனக்கே தோன்றியதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக அதை வாயில் வைத்துக்கொண்டு அவளும் அந்தச் சுவருக்குப் பின்னால் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம அந்த அத்தை வருவாங்களா?" என்று கேட்டேன்.

"வருவாங்க."

"அப்ப நான் வந்தா?"

அவளுக்குக் கை நீட்டி நீட்டி வலித்திருக்க வேண்டும், தட்டை இடது கைக்கு மாற்றினாள். பிறகு செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நான் வா என்று சொல்வதற்கு முன்பே படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். எனக்குக் கொடுக்கக் கொண்டுவந்த அந்த அழைப்பு வெற்றிலையிலேயே ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளிப் போட்டு, சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, சுண்ணாம்பு டப்பியை என் பக்கம் நகர்த்தினாள்.